டி.வி. கவர் என்று பெயர் பெற்ற போர்வை

வெம்பக்கோட்டைப் பக்கம் முத்துச்செல்வி பின்னிய சரவெடியைக் கொண்டு ஒரு லாரியையே கட்டி இழுத்தார்களாம். லாரியின் கொக்கி கழன்று விழுந்ததாம். சரத்தில் ஒரு வெடிகூட நழுவவில்லையாம். இதைச் சொன்னவள் முத்துச்செல்விதான் என்பதால், கேட்கிறவர்கள் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்பலாம். மீதியே போதுமான அளவுக்கு உண்மை. பட்டாசுக் கம்பெனியில் ஒற்றை வெடிகளைத் திரியோடு திரி சேர்த்து, சடை பின்னுவதுபோல் நீளமாகப் பின்னிச் சரமாக்குவது அவள் வேலை. இளகிய பின்னலில் ஒரு வெடி நழுவினால் சரம் பாதியில் மூச்சை விட்டுவிடும். அதனால் இழுத்து இழுத்துப் பின்னி, அவள் விரல்கள் எதைத் தொட்டாலும் இறுக்கிப் பிடிக்கும். வெற்றிலையை மடித்தால்கூட முடிச்சுப் போட்டதுபோல்தான் இருக்கும்.

விரலில் எவ்வளவு இறுக்கமோ நாக்கில் அவ்வளவு இளக்கம். யாருக்கும் நஷ்டமில்லாத பொய்களை அவள் சிரிக்காமல் சொல்லுவாள். கம்பெனிக்குத் தாமதமாக வந்த ஒரு நாள், ரோட்டில் மயில்கள் தோகையை விரித்து நின்றுகொண்டு பஸ்ஸை விடமாட்டோம் என்றதாகப் போர்மேனிடம் சொன்னாள். மறுநாள் போர்மேனே அவளைத் தேடி வந்து, இன்றைக்கு மயில் வழிவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு ஆளிடம்தான் பொய் சொல்ல மாட்டாள். அது அவள் ஒரே மகள் சினேகா. விருதுநகரில் மிளகாய் மண்டியில் கணக்கு எழுதும் ராம்குமாருக்கு வாழ்க்கைப்பட்டவள்.

சினேகாவுக்கு முதல் தடவை பிள்ளை உண்டானபோது இரண்டு வீட்டிலும் ஆர்ப்பாட்டம் தாங்கவில்லை. முத்துச்செல்வியின் புருஷன் பாலகுரு, லோடு வேன் ஓட்டுகிறவர், திருநெல்வேலிக்கு லோடு ஏற்றிப் போன இடத்தில் தொட்டில் கட்டும் ஸ்பிரிங் ஒன்றை வாங்கி வந்து வீட்டு நடுவில் மாட்டியேவிட்டார். ஐந்தாம் மாதம் கரு கலைந்துபோயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்த பெண், அந்த ஸ்பிரிங்குக்கு நேர்கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். அன்று பாலகுரு அதைக் கழற்ற ஏறிய ஸ்டூலிலிருந்து இறங்குவதற்கு வெகுநேரமாயிற்று. மேலேயே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை அடக்கமாக இருந்தார்கள். குடைபோல் மடக்கும் சின்னக் கொசுவலை ஒன்றைத் தவிர வேறெதுவும் வாங்கவில்லை. ஏழாம் மாதத்தில் அந்தக் கொசுவலையையும் விரிக்காமலே சினேகாவின் மாமியார் மாடத்தி யாருக்கோ கொடுத்தனுப்பினாள்.

மூன்றாம் தடவை மாசி மாதத்தில் சினேகா போன் பண்ணினாள். குரலில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை, அளந்து பேசினாள்.

“யம்மா, இந்தத் தடவ ஒரு நூலுகூட வாங்கக் கூடாது. வளைகாப்பு வேண்டாம், பேரு யோசிக்க வேண்டாம். பிள்ள கைக்கு வரட்டும், பொறவு பாத்துக்கிடலாம். நீ எதையாச்சும் வாங்கி வச்சு அது எங் கண்ணுல பட்டுச்சுன்னா, பேறுகாலத்துக்கு நான் அங்கன வரமாட்டேன். சத்தியம் பண்ணு.”

முத்துச்செல்வி சத்தியம் பண்ணினாள்.

பயம் வந்தால் சிலருக்கு வாய் சாமியைக் கூப்பிடும். அவளுக்குக் கை பரபரக்கும். சீசன் நேரமாக இருந்தால் அந்தப் பரபரப்பை எல்லாம் சரத்தில் கொட்டிப் பின்னியிருப்பாள். அந்த வருஷம் பார்த்து, ஏதோ லைசென்ஸ் புதுப்பிக்கிற விவகாரத்தில் கம்பெனி பூட்டிக் கிடந்தது. வீட்டில் இருந்த புளி முழுவதையும் கொட்டை எடுத்தாள். கயிற்றுக் கட்டிலைப் பிரித்து மறுபடி பின்னினாள். பாலகுருவின் சட்டைகளில் உறுதியாக இருந்த பட்டன்களையே மீண்டும் தைத்தாள். கடைசியில் அவர், அடுத்தது என்னைத்தான் தைக்கப் போகிறாளோ என்று வேனில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பிரஷர் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன இடத்தில்தான் வழி கிடைத்தது. அங்கே நர்ஸாக இருந்த ஜாஸ்பின், கூட்டம் ஓய்ந்த நேரத்தில் நுனியில் கொக்கி வைத்த ஒரு ஊசியால் உல்லன் நூலை வளைத்து வளைத்து எதையோ பின்னிக்கொண்டிருந்தாள். சர்ச்சில் பெண்கள் சங்கம் நடத்தும் விற்பனைக்குப் பிள்ளைத்தொப்பியாம். குரோஷா வேலை என்றாள். ஊசி ஒரு கண்ணிக்குள் நுழைந்து நூலைப் பிடித்து இன்னொரு கண்ணியாக வெளியே வருவதை முத்துச்செல்வி மாத்திரையை மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, இதில் மிச்சம் விழுமா என்று கேட்டாள். மூட்டையாகக் கிடக்கிறது, புது நூலே தருகிறேன் என்றாள் ஜாஸ்பின்.

“புதுசு வேண்டாம் சிஸ்டர். மிச்சந்தான் வேணும். எம் மகளுக்கு ஒண்ணும் வாங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன். மிச்சத்த யாரும் வாங்குறதில்லைல்லா?”

ஜாஸ்பின் ஊசியை மடியில் வைத்தாள். சினேகாவின் கதை அந்த வட்டாரத்து நர்ஸுக்குத் தெரியாமல் இருக்குமா?

“சத்தியத்துலயே ஓட்டை போட்டுட்டீகளே யக்கா,” என்றாள். மறுநாள் பிளாஸ்டிக் பை நிறையத் துண்டு நூல்களையும் ஒரு ஊசியையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

பங்குனி வெயில் காய்கிற காய்ச்சலில் காற்றில் பொட்டு ஈரமில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, பையிலிருந்து நூல் உருண்டைகளை உருவியபோது, கையில் இருந்த மயிரெல்லாம் சிலிர்த்து எழுந்தது. பட், பட்டென்று மெல்லிய சத்தம். இருட்டு மூலையில் ஒரு நீலப் பொறிகூடத் தெரிந்தது. வேறு ஊர்க்காரியாக இருந்தால் சிரித்திருப்பாள். முத்துச்செல்வியோ, பொறி பறக்கும் என்று நைலான் சேலை கட்டியவளைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பும் இடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவள். பொறி என்றால் அவள் உடம்பு யோசிக்காது. வாசலில் நின்ற பாலகுருவிடம் பீடியை அணைக்கச் சொல்லி ஒரே கத்தல். அடுத்த நொடி பையோடு அத்தனை நூலையும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிவிட்டாள். அமுக்கிப் பிடித்துக்கொண்டும் இருந்தாள், அது மூச்சை விட்டுவிட்டது என்று உறுதியாகும் வரைக்கும்.

நனைந்த நூலைக் காயப்போட்டுத்தானே ஆகவேண்டும்? ரகசியம் அன்று சாயந்தரமே சிவப்பும் பச்சையும் ரோஸும் காபிக் கலருமாகத் தெருக் கொடியில் தொங்கியது. பக்கத்து வீட்டுச் செல்லத்தாய், கம்பெனியிலும் அடுத்த இடத்தில் உட்கார்ந்து சரம் பின்னுகிறவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். இதெல்லாம் என்னத்துக்கு மயினி என்றாள்.

முத்துச்செல்வியின் நாக்கு எப்போதும்போல் அவளை முந்திக்கொண்டது. டி.வி.க்குக் கவர் பின்னப் போகிறேன் என்றாள்.

அவர்கள் வீட்டு டி.வி. சுவரில் அப்பிய தட்டை டி.வி. அதற்குக் கவர் போடுவது காலண்டருக்குச் சட்டை போடுவதுபோல. செல்லத்தாய் அதைக் கேட்கவில்லை. கேட்காமல் போனதே முத்துச்செல்விக்கு உறைத்திருக்க வேண்டும், அப்போது உறைக்கவில்லை.

பின்னல் லேசில் வசப்படவில்லை. முதலில் போட்ட சதுரம் பலகைபோல் விறைத்து நின்றது. அதை ஜாஸ்பினிடம் காட்டியபோது அவள் மேஜையில் தட்டிப் பார்த்தாள், டொக்கென்றது. இதைப் பிள்ளைக்குப் போர்த்தினால் பிள்ளைக்கு முன்னால் போர்வை எழுந்து நடக்கும் என்றாள். நூலை இழுக்காமல், ஊசி போகிற போக்கில் விட வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டினாள். இளக்கமாக விட்டால் அவிழ்ந்துவிடாதா என்று முத்துச்செல்விக்குக் கவலை. ஒரு கண்ணியை இன்னொரு கண்ணி பிடித்துக்கொள்ளும், நீங்கள் பிடிக்க வேண்டியதில்லை என்றாள் ஜாஸ்பின். கேட்க நன்றாகத்தான் இருந்தது. விரல் கேட்க வேண்டுமே. போட்டதைப் பிரிப்பாள், மறுபடி போடுவாள். மகளை நினைத்துக்கொண்டால் நூல் தானாக இறுகிவிடும்; அந்த வரிசை முழுவதும் பிரிக்க வேண்டியதாகிவிடும். அதனால் பின்னும்போது மகளை நினைக்கக் கூடாது என்று, பழைய எதிரிகளை எல்லாம் வரிசையாக நினைத்துக்கொண்டாள். கை அழகாக இளகியது.

சித்திரையில் கம்பெனி திறந்துவிட்டது. பிறகு சாயந்தரங்களில்தான் ஊசியை எடுத்தாள். ஜாஸ்பின் கொடுத்த மிச்சம் தீர்ந்தபோது ஆச்சரியம் நடந்தது. கேட்காமலே மிச்சங்கள் வர ஆரம்பித்தன. ஒருத்தி மகனின் பழைய மங்கிக்குல்லாவைப் பிரித்து நீல நூல் கொடுத்தாள். பால்வாடி டீச்சர் கிளி பொம்மை செய்ததில் மிஞ்சிய பச்சையைக் கொடுத்தனுப்பினாள். கோயில் கிடாய்க்குக் குஞ்சம் கட்டியதில் மீந்த மஞ்சளைச் செல்லத்தாயே கொண்டுவந்து, கிடாய் மேலே படாத நூல் மயினி, சோப்புப் போட்டு அலசிட்டேன் என்றாள். டி.வி.க்குப் போடும் நூலை எதற்குச் சோப்புப் போட்டு அலச வேண்டும்? முத்துச்செல்வி அதையும் யோசிக்கவில்லை. டி.வி. அகலம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு அளவு சொன்னாள். மொத்தத்தையும் கூட்டினால் அவர்கள் வீட்டில் சினிமாத் தியேட்டரே இருக்க வேண்டும்.

ஆனி மாதம் சினேகா வந்து சேர்ந்தாள். விசேஷம் எதுவும் இல்லாமல், பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். முத்துச்செல்விக்கு ஒளித்து வைக்க இடம் தெரியவில்லை. ஒரே ஒரு பீரோ. அதன் சாவி மகள் கைக்குத்தான் முதலில் போகும். சொன்ன பொய்க்கு உயிர் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. போர்வையை டி.வி.யின் மேல் தொங்கவிட்டாள். இது என்னம்மா கோலம் என்று சினேகா கேட்டதற்கு, தூசி ரொம்ப அடிக்கிறது என்றாள். மகளிடம் அவள் சொன்ன முதல் பொய். நாக்கு தடுமாறிவிட்டது.

அன்றிலிருந்து பாலகுருவுக்குத்தான் சோதனை. நியூஸ் பார்க்க வேண்டும் என்றால் முதலில் டி.வி.யின் முக்காட்டை எடுக்க வேண்டும். பார்த்து முடித்ததும் மறுபடி போட வேண்டும். கல்யாணத்தன்றுகூட உனக்கு இத்தனை தடவை முக்காடு எடுக்கவில்லையே என்று பொண்டாட்டியிடம் முணுமுணுத்தார். முத்துச்செல்வி கண்ணாலேயே அவர் வாயைத் தைத்தாள்.

ஏழாம் மாதம் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மவில்லை. சினேகா சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். நடுவில் நின்று, உள்ளே அசைகிறதா என்று காது கொடுப்பதுபோல் தலையைச் சாய்ப்பாள். அசைந்ததும் மறுபடி நடப்பாள். சாயந்தரம் சீரியல் பார்க்க உட்காரும்போது கவரை எடுத்து மடியில் போட்டுக்கொள்வாள். அவளுக்கு அது வெறும் துணி. காற்றாடி குளிர்ந்தால் அதை இழுத்து வயிற்றின்மேல் விட்டுக்கொள்வாள். அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே முத்துச்செல்வி குழம்பை அடிப்பிடிக்க விடுவாள். எடுத்துவிடு என்று சொல்லவும் முடியாது, இருக்கட்டும் என்று விடவும் பயம். ஏழாம் மாதம் கழிந்தது. எட்டும் பிறந்தது.

அப்போதுதான் ஒரு நாள் செல்லத்தாய் குழம்பு கொண்டுவந்தாள். சினேகா மடியில் போர்வையோடு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று அதைப் பார்த்ததும் செல்லத்தாயின் முகம் கனிந்துவிட்டது. கனிந்தால் அவளுக்கு வாய் நிற்காது.

“ஏ தாயி, பிள்ள வர்றதுக்கு முந்தியே போர்த்தி வச்சிருக்கியா? நல்லாருக்கு, நல்லாருக்கு.”

குழம்புக் கிண்ணத்தை வைக்கும்முன்பே சொன்னது என்ன என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. கிண்ணத்தை வைத்துவிட்டுச் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றாள். சினேகா போர்வையைத் தூக்கி இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தாள். சதுரம். ஓரத்தில் முக்கால்வாசி வரைக்கும் சின்னச் சின்ன வளைவு. கன்னத்தில் வைத்தாலும் உறுத்தாத மென்மை.

“யம்மா, இது என்னது?”

“டி.வி. கவரு.”

“டி.வி.க்கு எதுக்கு இம்புட்டு மெத்துமெத்துன்னு?”

லாரியைக் கட்டி இழுத்தவளுக்கு, மயில்களை ரோட்டில் நிறுத்தியவளுக்கு, ஒரு வார்த்தை வரவில்லை. ஸ்பிரிங்குக்குக் கீழே அண்ணாந்து நின்ற முகம் மறுபடி வந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. பாய்ந்து போர்வையைப் பிடுங்கினாள். முடியாமல் விட்டிருந்த நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தாள். குரோஷா பின்னல் சரவெடிபோல் முரண்டு பிடிக்காது. இழுத்த இழுப்புக்கு வளைவுகள் ஒவ்வொன்றாக நழுவின. ஒரு வரிசை போயிற்று, அடுத்ததும் போயிற்று. சுருண்ட நூல் தரையில் குவிந்தது. ஒன்றுமில்லை தாயி, வெறும் மிச்ச நூல், வாங்கியது ஒன்றுமில்லை, இதோ இல்லாமல் ஆக்கிவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இழுத்தாள். செல்லத்தாய், நிறுத்துங்க மயினி, ஊரே சேந்து குடுத்த நூலு என்று அழுதாள். தெருவுக்கே தெரிந்திருந்தது என்பது முத்துச்செல்விக்கு அப்போதுதான் விளங்கியது. அதற்கும் அவள் கை நிற்கவில்லை.

சினேகா சிரமப்பட்டு எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

“பிரிக்காத.”

முத்துச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். மகள் அழவில்லை. எதையோ கணக்குப் போடுகிறவள்போல் புருவம் சுருங்கியிருந்தது.

“இத்தன நாளும் எம் மடியிலதான கெடந்துச்சு?” என்றாள். “ஏழாம் மாசம் பூராவும் கெடந்துச்சு. ஒண்ணும் ஆகலைல்லா?”

அம்மாவிடமிருந்து போர்வையை வாங்கி, பிரிந்த ஓரத்தை ஒரு விரலால் அணைபோல் அடைத்துக்கொண்டாள், மேலும் நழுவாமல் இருக்க. பிறகு, முடிச்சுரும்மா என்றாள்.

தரையில் கிடந்த நூல் செல்லத்தாயின் காலிலும் கிண்ணத்திலும் சிக்கி, குழம்பைக் குடித்துக் கிடந்தது. அதற்குமேல் ஓரம் போட மிச்சம் இல்லை. ஜாஸ்பின் சிஸ்டரிடம் கேட்டு வாங்கி வருகிறேன் என்றாள் முத்துச்செல்வி. வேண்டாம், சாத்தூரில் புதிதாக வாங்குவோம் என்றாள் சினேகா. புதுசா என்று முத்துச்செல்வி திரும்பக் கேட்டாள். ஆமாம், புதுசு.

பாலகுரு வேனில், பள்ளத்துக்குப் பள்ளம் மன்னிப்புக் கேட்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சாத்தூருக்குக் கூட்டிப்போனார். ஃபேன்ஸி ஸ்டோர்க்காரர் உல்லன் நூல் எதற்கு என்று கேட்டார். முத்துச்செல்வி வாயைத் திறப்பதற்குள் சினேகா, பிறக்கப் போகிற பிள்ளைக்கு என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவளுக்கே மூச்சு வாங்கியது. கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். அதன் பிறகு அம்மாவுக்கும் மகளுக்கும் நிறத்தில் சண்டை. அழுக்குத் தெரியாத காபிக் கலர் என்றாள் அம்மா. வெள்ளைதான் என்றாள் மகள். வெள்ளை என்றால் ஒரு வாரம் தாங்காது என்றாள் அம்மா. அழுக்காகட்டும், துவைத்துக்கொள்வோம் என்றாள் மகள். அழுக்காக்க ஒரு பிள்ளை இருக்கும் என்று அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. முத்துச்செல்வி அதோடு வெள்ளைக்கு ஒத்துக்கொண்டாள்.

ஆவணி கடைசியில் விருதுநகர் ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு. குரலில் அந்தக் குறையே இல்லை. மேல்மாடியில் அது அழுததில் கீழே டீக்கடையில் பால் பொங்கி வழிந்ததாக முத்துச்செல்வி ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போர்வையை எடுத்து விரித்தபோது சம்பந்தி மாடத்தி தடுத்தாள். பதினாறு நாள் கழிகிற வரைக்கும் பிள்ளைமேல் புதுசு படக் கூடாது, பழந்துணிதான் என்று அவர்கள் வீட்டு வழக்கம். முத்துச்செல்வி மென்று விழுங்கினாள். மாடத்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போர்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குல்லா நூல், கிளி நூல், கிடாய் நூல் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். நடுவெல்லாம் பழசுதான், ஓரம் மட்டும்தான் புதுசு என்று தீர்ப்புச் சொன்னாள். பிறகு வெள்ளை ஓரத்தை நாலு பக்கமும் அடியில் மடக்கி, நடுவில் மட்டும் பேத்தியைக் கிடத்தினாள். வழக்கமும் காப்பாற்றப்பட்டது, சம்பந்தியும் காப்பாற்றப்பட்டாள்.

வெந்நீர் வாங்க மாடத்தி செம்போடு கீழே போனாள். அவள் படியிறங்குகிற சத்தம் ஓய்கிற வரைக்கும் சினேகா காத்திருந்தாள். பிறகு கையை நீட்டி, மடக்கியிருந்த வெள்ளை ஓரத்தை ஒரு பக்கமாக மெதுவாக இழுத்து வெளியே எடுத்து, பிள்ளையின் மோவாய் வரைக்கும் போர்த்திவிட்டாள்.